உறுப்புத் தானமும் உற்றார் உள்ளமும்

(மன்றத்தின் ஆண்டு விழாவில் இளைப்பாறிய வைத்தியர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



இவ்விழாவில் எதைப்பற்றிப் பேசப் போகிறீர்கள் என்று மன்றச் செயலாளர் கேட்டபோது, உறுப்புத் தானம் பற்றி என்றேன். அவர் சிறிது தயங்கினார். ஆண்டு விழா மங்கலமான நாள். அன்றைக்குச் சாவைப்பற்றிப் பேசுவதா என்பது அவர் தயக்கம். அதில் தவறில்லை. நம்மவர் சாவைப்பற்றிப் பேசுவதெல்லாம் செத்தவீட்டிலேதான். ஆனால் அங்கே பேச வேண்டியதைப் பேச நேரமும் இராது, மனமும் இராது. ஆதலால் தோரணம் கட்டிய இந்த மண்டபத்திலே, எல்லோரும் சுகமாக இருக்கும் வேளையிலே, இதைப் பேசிவிடுவதே நல்லதென்று எனக்குத் தோன்றியது. செயலாளரும் பெரிய மனத்துடன் இசைந்தார்.

ஒருவரின் உறுப்பை எடுத்து மற்றொருவருக்குப் பொருத்தும் சத்திர சிகிச்சையின் நுட்பங்களை விரித்துரைப்பது என் நோக்கமன்று. அது கைதேர்ந்த நிபுணர் சில மணி நேரத்திலே செய்து முடிக்கும் காரியம். அந்தக் காரியம் நடக்குமா நடவாதா என்பதைத் தீர்மானிப்பவர் அவரல்லர். தீவிர சிகிச்சைப் பிரிவுக்கு வெளியே, நடைபாதையில் போட்ட வாங்கிலே, இரண்டு நாள் உறக்கமின்றி இருக்கும் நாலைந்து உறவினரே அதைத் தீர்மானிப்பவர்கள். ஒரு தாய், ஒரு தகப்பன், ஒரு மாமன், சில வேளை கைக்குழந்தையோடு ஓர் இளம் மனைவி. பல ஆண்டுகள் அந்த வாங்குக்கு எதிரே நின்று பேசியவன் என்ற முறையில் அவர்கள் உள்ளத்தைப்பற்றியே இன்று சொல்ல விரும்புகிறேன்.

முதலில் ஒரு கேள்வியைத் தீர்த்துக்கொள்வோம். சாவு என்பது என்ன? மூச்சு நின்றது, நாடி அடங்கியது, உடம்பு குளிர்ந்தது; நம் பாட்டனார் காலத்தில் இதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. மூச்சு நின்றால் சிறிது நேரத்தில் இருதயமும் நிற்கும். இரண்டும் நின்றால் மூளையும் அழியும். மூன்றும் ஏறக்குறைய ஒன்றாகவே நடந்தன. 1952ஆம் ஆண்டில் டென்மார்க் தேசத்துக் கொப்பன்ஹேகன் நகரிலே இளம்பிள்ளை வாதம் பெருவாரியாகப் பரவியபோது, மூச்சு விட இயலாத நோயாளிகளின் தொண்டையிலே குழாய் செலுத்தி, மாணவர்கள் மாறி மாறி இரவு பகலாகக் கையாலே காற்றை அழுத்தி அவர்களைக் காப்பாற்றினார்கள். பின்னர் கைக்குப் பதில் யந்திரம் வந்தது. அந்த யந்திரம் எண்ணிறந்த உயிர்களைக் காத்தது. ஆனால் அதுவரை உலகம் கண்டிராத ஒரு நிலையையும் அதுவே உண்டாக்கியது. மூளை முற்றாக அழிந்துவிட்டது. யந்திரமோ காற்றைச் செலுத்துகிறது. காற்றுக் கிடைப்பதால் இருதயம் தன் பாட்டில் அடித்துக்கொண்டிருக்கிறது. 1959இல் பாரிஸ் நகரத்து வைத்தியர் இருவர் இந்நிலையை முதலில் விவரித்து எழுதினார்கள். 1968இல் அமெரிக்காவின் ஹார்வர்ட் பல்கலைக்கழகக் குழுவொன்று இதனைச் சாவென்றே கொள்ளலாம் என்று கூறி, அதைக் கண்டறியும் முறைகளையும் வகுத்தது. இதைத்தான் மூளைச்சாவு என்கிறோம்.

சொல்லில் விளங்கும் இது, கண்முன்னே விளங்குவதில்லை. மோட்டார் சைக்கிள் விபத்தில் தலையிலே அடிபட்ட தன் ஒரே மகனைப் பார்த்துவிட்டு வெளியே வந்த ஒரு தாய் என்னைக் கேட்டது இன்றும் என் காதில் இருக்கிறது. “பிள்ளையின்ரை நெஞ்சு ஏறி இறங்குது, உடம்பு சுடுது, மூத்திரமும் போகுது. நீங்கள் என்னெண்டு ஐயா செத்துப்போனான் எண்டு சொல்லுறியள்?” என்றார். இதற்கு ஒரே வாக்கியத்தில் விடை சொல்லக்கூடிய வைத்தியர் யாரும் இருப்பதாக நான் நம்பவில்லை. இருதயத்துக்குத் தானாகவே துடிக்கும் இயல்பு உண்டு. மூளையின் கட்டளை அதற்கு வேண்டியதில்லை. அறுந்து விழுந்த பல்லிவால் தரையிலே துடிப்பதை எல்லோரும் கண்டிருப்பீர்கள். அதை உங்களுக்குச் சொல்லலாம். பெற்றவளிடம் சொல்ல முடியாது.

அந்தத் தாயிடம் நாம் பேசும் பேச்சும் பல வேளைகளில் அவரைக் குழப்புகிறது. “மூளை செத்துவிட்டது, ஆனால் மெசினில் உயிரோடு வைத்திருக்கிறோம்” என்று சொல்லும் தாதிமாரையும் இளம் வைத்தியரையும் கண்டிருக்கிறேன். ஒரே மூச்சிலே செத்துவிட்டது என்றும் உயிரோடு என்றும் சொன்னால், பெற்ற மனம் எதைப் பிடித்துக்கொள்ளும்? உயிரோடு என்பதைத்தான். அடுத்த அரைமணியில் அதே வாயால் “சிறுநீரகத்தைத் தருவீர்களா?” என்று கேட்டால், உயிரோடிருக்கும் பிள்ளையை அறுக்கப் பார்க்கிறார்கள் என்றல்லவா அவர் நினைப்பார்? மறுத்த குடும்பங்களிற் பெரும்பான்மையை நான் குறைகூற மாட்டேன். அவர்கள் தானத்தை மறுக்கவில்லை, சாவை மறுத்தார்கள்.

கோமா எனப்படும் நினைவிழந்த நிலை வேறு, மூளைச்சாவு வேறு. கோமாவில் கிடப்பவன் மூளை அழிந்துவிடவில்லை; அவன் கண் விழிக்கக்கூடும். பத்திரிகையில் ஆண்டுக்கு ஒருமுறையாவது, பல மாதம் நினைவிழந்து கிடந்தவர் எழுந்து உட்கார்ந்த செய்தி வரும். அதை வாசித்த மாமனார் ஒருவர் ஒவ்வொரு குடும்பத்திலும் இருப்பார். அவருக்கு நாம் சொல்ல வேண்டியது இந்த வேற்றுமையைத்தான். மூளைச்சாவைத் தீர்மானிக்குமுன் கண்மணி வெளிச்சத்துக்குச் சுருங்குகிறதா, விழியைத் தொட்டால் இமை அசைகிறதா, காதிலே குளிர்ந்த நீரைச் செலுத்தினால் விழி திரும்புகிறதா, தொண்டைக் குழாயை அசைத்தால் இருமல் வருகிறதா, யந்திரத்தைச் சிறிது நேரம் விலக்கினால் ஒரு மூச்சாவது தானாக எழுகிறதா என்று பார்ப்பார்கள். உறுப்பு மாற்றும் குழுவோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத வைத்தியர் இருவர், இடைவெளி விட்டு, இரண்டு முறை பார்ப்பார்கள். உறவினர் விரும்பினால் அந்தச் சோதனையை அருகிலே நின்று காண அனுமதிக்கும் நாடுகள் உண்டு. நல்ல வழக்கம் என்பேன். மூச்சு எழுகிறதா என்று பத்து நிமிடம் தாமே நின்று பார்த்த தகப்பனுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படாது.

உலகத்தின் முதலாவது இருதய மாற்றுச் சிகிச்சை 1967 டிசம்பர் 3ஆம் திகதி தென்னாபிரிக்காவின் கேப்டவுண் நகரில் நடந்தது. சிகிச்சை செய்த கிறிஸ்தியான் பார்னாட் அவர்களின் பெயரை உலகம் அறியும். சம்மதம் தந்தவரின் பெயரை அறிந்தோர் சிலரே. எட்வேட் டார்வல் என்பவர் அவர். வீதி விபத்திலே அவர் மனைவி அங்கேயே இறந்துவிட்டார். 25 வயது மகள் மீள முடியாத நிலையில் வைத்தியசாலையிற் கிடந்தாள். வைத்தியர் வந்து கேட்டபோது அவர் யோசித்தது நாலு நிமிடம் என்பர். என் மகளைக் காப்பாற்ற முடியாதென்றால் அந்த மனிதனைக் காப்பாற்றப் பாருங்கள் என்ற கருத்திலே அவர் விடையளித்தார். இருதயத்தைப் பெற்ற லூயிஸ் வாஷ்கான்ஸ்கி 18 நாளே வாழ்ந்தார். மகளின் சிறுநீரகம் ஒன்று, வெள்ளையரல்லாத பத்து வயதுச் சிறுவன் ஒருவனுக்குப் பொருத்தப்பட்டது. நிறத்தின்பேரால் மனிதரைப் பிரித்து வைத்திருந்த தேசத்திலே, அந்த நாளிலே, அது நடந்தது. ஒரே நாளில் மனைவியையும் மகளையும் இழந்தவருக்கு அந்த நாலு நிமிடத்தில் என்ன தோன்றியதோ, நாம் அறியோம். நான் சொல்ல வருவது, இக்கேள்வி எப்போதும் ஒரு குடும்பத்தின் மிகக் கொடிய நாளிலேதான் கேட்கப்படுகிறது. வேறு நாளிற் கேட்க வழியில்லை. வெளியே எடுத்த இருதயம் ஏறக்குறைய நாலு மணி நேரம் தாங்கும். ஈரல் பன்னிரண்டு மணி அளவு. சிறுநீரகம் ஒரு நாள், சற்று மேலும். அந்தியேட்டி கழியட்டும், ஆறுதலாக வந்து கேட்கிறோம் என்று சொல்ல இயலாது.

இனி, நம்மவரிடையே உள்ள தயக்கங்களுக்கு வருகிறேன்.

“உடம்பு முழுசாகப் போகவேணும்” என்பது முதலாவது. இதை மூடநம்பிக்கை என்று தள்ளிவிடுபவரோடு நான் சேரமாட்டேன். 2009இல் முடிந்த நெடும் யுத்தத்தைக் கண்ட மக்கள் நாம். பிள்ளையின் உடலையே காணாமல் வருஷக்கணக்காகக் காத்திருந்த தாய்மார், இன்னும் காத்திருக்கும் தாய்மார், நம் தெருக்களில் இருக்கிறார்கள். உடலைக் கண்ணாற் காணாமல் எட்டுச் செலவு செய்வதா விடுவதா என்று தவித்த வீடுகள் உண்டு. அப்படிப்பட்ட மண்ணிலே, கைக்குக் கிடைத்த உடலை எவரும் தொட வேண்டாம் என்று ஒரு தாய் சொன்னால், அதன் பின்னே இருப்பது அறியாமையன்று, நீண்ட துயரம். அவரோடு வாதாடக் கூடாது. உண்மையை மட்டும் மெதுவாகச் சொல்லலாம். உறுப்பெடுத்த உடல் வேறெந்தச் சத்திர சிகிச்சையிலும்போல ஒழுங்காகத் தைத்துத் தரப்படும். கண்ணை எடுத்தாலும் இமை மூடிய முகம் மாறாது. வேட்டி கட்டி, மாலை போட்டு, நடுவீட்டில் கிடத்தினால் வித்தியாசம் காண்பாரில்லை. விபத்தில் இறந்தவராயின், தானம் கொடுத்தாலும் கொடாவிட்டாலும் மரண விசாரணையும் பெரும்பாலும் பிரேத பரிசோதனையும் நடந்தே தீரும். கத்தி படாமல் உடலைக் கொண்டுபோகலாம் என்று எண்ணி மறுத்தவர்கள், சவச்சாலை வாசலிலே அதை அறிந்து திகைத்து நின்றதைக் கண்டிருக்கிறேன். முன்னரே யாரேனும் அவர்களுக்கு அதைச் சொல்லியிருக்க வேண்டும்.

இரண்டாவது, மறுபிறப்புப் பற்றிய பயம். கண்ணைக் கொடுத்தால் அடுத்த பிறவியிற் குருடனாகப் பிறப்பான் என்று சொல்பவர் இன்றும் உளர். சமய நூல்களைக் கற்ற பெரியோர் இச்சபையில் இருக்கையில் நான் அதிகம் பேசுவது முறையன்று. எனினும் சைவசித்தாந்தம் கற்பித்த என் ஆசிரியர் சொன்னது நினைவிருக்கிறது. தூல உடல் இங்கேயே அழிவது. உயிரோடு செல்வது சூக்கும உடலும் வினையும். அடுத்த உடல் அமைவது வினைக்கு ஏற்ப. விட்டுப்போன உடலின் அளவை வைத்தன்று. அல்லாமலும், நாமோ தகனம் செய்கிறவர்கள். கண், ஈரல், இருதயம் எல்லாவற்றையும் ஒரு நாழிகையில் நெருப்பிலிட்டுச் சாம்பலாக்கிக் கடலிலே கரைக்கிறோம். அப்படிச் செய்தும் மறுபிறவியிற் கண்ணோடு பிறக்கலாமென்றால், கொடுத்துவிட்டுப் பிறக்க என்ன தடை?

இதே இடத்தில் ஒரு எச்சரிக்கையும் சொல்லவேண்டும். கண்தானத்தைப்பற்றிப் பேசும் மேடையிலெல்லாம் கண்ணப்ப நாயனாரை அழைத்து வருகிறார்கள். தசை அரிந்து கொடுத்த சிபியும், முதுகெலும்பைக் கொடுத்த ததீசியும் கூடவே வருகிறார்கள். சிலர் பிள்ளையாரின் யானைமுகத்தைக் காட்டி, உறுப்பு மாற்றுச் சிகிச்சை நமக்குப் புதிதன்று என்றே சொல்லிவிடுகிறார்கள். கண்ணப்பர் செய்தது பக்தி. அது எல்லாக் கணக்கையும் கடந்தது. அதைக் கொண்டு சத்திர சிகிச்சைக்கு அத்தாட்சி தேடுவது இரண்டுக்கும் பெருமையன்று. ஆனால் ஒன்று உண்மை. கொடுத்தலை மேலாக மதிக்கும் கதைகளைச் சிறுவயதில் கேட்டு வளர்ந்த மக்களுக்கு, கேள்வி வரும்போது சட்டென்று ஒரு வாசல் திறக்கிறது. இதற்கு நம் நாட்டிலேயே சான்றுண்டு.

சிங்கள மக்களிடையே வழங்கும் சாதகக் கதைகளில் ஒன்று, யாசித்து வந்த குருடனுக்குத் தன் கண்களையே கொடுத்த சிவி அரசனின் கதை. 1958ஆம் ஆண்டிலே ஹட்சன் சில்வா என்ற இளைஞர், இறந்தபின் கண்களைத் தாருங்கள் என்று பத்திரிகையில் எழுதி வேண்டினார். 1960இல் அவர் தாயார் இறந்தபோது, அந்த அம்மையாரின் கண்களே ஏழை விவசாயி ஒருவருக்குப் பார்வை தந்தன என்பர். 1961இல் அவர் இலங்கைக் கண்தானச் சங்கத்தை நிறுவினார். ஆரம்பத்தில் கண்களை வைத்துப் பாதுகாக்க அவருக்கு இருந்தது அவர் வீட்டுக் குளிர்சாதனப் பெட்டிதான். 1964இல் முதன்முதலாகச் சிங்கப்பூருக்குக் கண்கள் அனுப்பப்பட்டன. இதுவரை ஐம்பதுக்கு மேற்பட்ட நாடுகளுக்கு இந்தச் சிறு தீவு கண் கொடுத்திருக்கிறது. 1996இல் காலமான முன்னாள் ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்த்தனாவும் கண்தானம் செய்தவர். அது யப்பானிலே பயன்பட்டது.

இத்துணை தாராளமாகக் கண் கொடுக்கும் நாடு, சிறுநீரகத்தையும் ஈரலையும் கேட்கும்போது ஏன் தயங்குகிறது? இதைப்பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். கதை மட்டும் காரணமன்று. கண்ணை எடுப்பது மூச்சும் நாடியும் நின்றபின். ஆறு மணி நேரத்துள் எடுத்தாற் போதும். வீட்டிலேயே, தலைமாட்டில் விளக்கெரியும்போதே, சில நிமிடத்தில் எடுத்துச் செல்வார்கள். இறந்துவிட்டார் என்பதில் எவருக்கும் ஐயமில்லை. அழவேண்டியவர் அழுதும் ஆயிற்று. சிறுநீரகத்தைக் கேட்பதோ நெஞ்சு ஏறி இறங்கும்போது. ஆகவே நம் மக்கள் கொடுக்க மனமில்லாதவர் என்று யாரேனும் சொன்னால், கண்களின் கணக்கைக் காட்டுங்கள். மனம் இருக்கிறது, விளக்கமும் நம்பிக்கையும் போதவில்லை.

நம்பிக்கை என்றேன். இதுதான் எல்லாவற்றிலும் பெரிது. “உறுப்புக்காக வைத்தியத்தை அரைகுறையாக விட்டுவிடுவார்களோ? ஏழையின் சிறுநீரகத்தை எடுத்துப் பணக்காரனுக்கு விற்பார்களோ?” என்ற சந்தேகம் வெறும் கற்பனையிற் பிறந்ததன்று. உறுப்பு வியாபாரம் உலகத்தில் நடந்திருக்கிறது; நம் பக்கத்திலும் நடந்திருக்கிறது. இந்தியாவில் 1994இல் உறுப்பு விற்பனையைத் தடுக்கும் சட்டம் வந்ததற்கே அது காரணம். 2016இல் இந்திய ஏழைகளின் சிறுநீரகங்கள் இலங்கையில் வெளிநாட்டாருக்குப் பொருத்தப்பட்டன என்ற குற்றச்சாட்டு எழுந்து, வெளிநாட்டாருக்கு அச்சிகிச்சை செய்வதை நம் சுகாதார அமைச்சு நிறுத்தி வைக்க நேர்ந்தது. இத்தகைய செய்தியொன்று, நூறு பேரின் பிரசாரத்தை ஒரே நாளில் அழித்துவிடும்.

யப்பானைப் பாருங்கள். அங்கே முதலாவது இருதய மாற்றுச் சிகிச்சை 1968 ஆகஸ்டில் சப்போரோ நகரில் நடந்தது. கொடுத்தவர் உண்மையில் இறந்திருந்தாரா, பெற்றவருக்கு அது தேவையாயிருந்ததா என்று பின்னர் ஐயம் எழுந்தது. வழக்குத் தொடரப்படவில்லை, ஆனால் மக்கள் மனத்திலே வழக்கு முடியவில்லை. இரண்டாவது இருதய மாற்றுச் சிகிச்சை அந்நாட்டில் நடந்தது 1999இல். முப்பது ஆண்டுக்கு மேல்! விஞ்ஞானத்தில் உலகின் முன்னணியில் நின்ற தேசம் அது. பிரேசிலும் ஒரு பாடம் படித்தது. மறுப்பென்று எழுதி வைக்காதோர் எல்லோரும் தானம் செய்தவராகக் கருதப்படுவர் என்று 1997இல் சட்டம் செய்தார்கள். தானத்துக்கு மனமிருந்தோரும் பயந்து, மறுப்பைப் பதியக் கூட்டம் கூட்டமாக ஓடினார்கள். 1998இல் அந்த ஏற்பாட்டைக் கைவிட்டார்கள்.

ஸ்பெயின் தேசத்திலும் அத்தகைய சட்டம் 1979 முதல் இருக்கிறது. ஆனால் அங்கே அந்தச் சட்டத்தைக் காட்டி எவருடைய உடலையும் தொடுவதில்லை. ஒவ்வொரு குடும்பத்தையும் கேட்டே செய்கிறார்கள். 1989இல் அவர்கள் ஒரு தேசிய அமைப்பை ஏற்படுத்தி, ஒவ்வொரு பெரிய வைத்தியசாலையிலும் இதற்கென்றே பயிற்சி பெற்ற வைத்தியரை நியமித்தார்கள். அன்று பத்து இலட்சம் மக்களுக்கு ஆண்டில் ஏறத்தாழ 14 பேர் இறந்தபின் தானம் செய்தார்கள்; 2019இல் அத்தொகை ஏறத்தாழ 49. இந்தியாவில் அது ஒன்றையும் எட்டவில்லை. ஸ்பெயின்காரர் நம்மிலும் இரக்கம் மிகுந்தவர் என்பதற்கு ஆதாரம் ஏதுமில்லை. அவர்கள் செய்தது கேட்கும் முறையைத் திருத்தியதுதான். முதலில் இறந்துவிட்டார் என்ற செய்தியைத் தெளிவாகச் சொல்வார்கள். பிறகு விலகி நிற்பார்கள், அழவிடுவார்கள், குடிக்கத் தண்ணீர் கொடுப்பார்கள், கேட்ட கேள்விக்கெல்லாம் உட்கார்ந்து விடை சொல்வார்கள். சாவு என்பது குடும்பத்தின் உள்ளத்திலே இறங்கியபின், வேறொருவர் வந்து தானத்தைப்பற்றிப் பேசுவார். அப்போதும் மறுத்தால் நன்றி கூறி எழுந்துவிடுவார். அங்கே மறுக்கும் குடும்பங்கள் நூற்றுக்குப் பதினைந்து அளவே. நம் நாட்டு வைத்தியசாலைகளில் உட்கார்ந்து பேச ஓர் அறை கிடைப்பதே அரிது. நடைபாதையில், பிறர் பார்த்துக்கொண்டு நிற்க, கையிலே கடுதாசியோடு கேட்டால், கொடுக்க நினைத்தவரும் மறுப்பார்.

தமிழகத்தையும் சொல்லவேண்டும். 2008 செப்டெம்பரில் மருத்துவத் தம்பதியர் ஒருவர், விபத்தில் மூளைச்சாவடைந்த தம் பதினைந்து வயது மகனின் உறுப்புகளைக் கொடுத்தார்கள். பொலிஸார் வீதியை ஒதுக்க, அவன் இருதயம் சென்னை நகரத்தைக் கடந்து சென்று ஒரு சிறுமிக்குப் பொருத்தப்பட்டது. அதைப் பத்திரிகையிற் படித்த குடும்பங்கள், தொடர்ந்த மாதங்களில் தாமாகவே வந்து கொடுக்கத் தொடங்கின. பெற்றோர் இருவரும் வைத்தியர் என்பதைக் கவனியுங்கள். விஷயம் அறிந்தவரே தம் பிள்ளையைக் கொடுத்தார். ஆகவே இதில் வஞ்சகமில்லை என்று மக்கள் எண்ணினார்கள். ஆயிரம் சுவரொட்டி செய்யாததை அந்த ஒரு வீடு செய்தது. 2023 செப்டெம்பரில், உறுப்புத் தானம் செய்தோரின் இறுதிச் சடங்கு அரசு மரியாதையுடன் நடைபெறும் என்று தமிழக அரசு அறிவித்தது.

யார் தீர்மானிப்பது என்பதிலும் நம் வீடுகளில் ஒரு சிக்கல் உண்டு. சட்டம் நெருங்கிய உறவினரைக் கேட்கச் சொல்கிறது. மனைவி சரி என்பாள். கணவனின் தமையன் வாய் திறவாமல் நிற்பார். “கனடாவிலை பெரியண்ணை இருக்கிறார், அவரையும் ஒருக்காக் கேட்கவேணும்” என்பார்கள். தொலைபேசி எடுப்பார்கள், அங்கே நள்ளிரவாக இருக்கும். கட்டிலையோ யந்திரத்தையோ கண்ணாற் காணாத பெரியண்ணன், தூக்கக் கலக்கத்தில், “ஒண்டும் செய்யவேண்டாம், நான் வந்துகொண்டிருக்கிறன்” என்பார். அவர் மேலும் குற்றமில்லை. தம்பியின் முகத்தை ஒரு தரமாவது பார்க்க நினைக்கிறார். அவர் வந்து இறங்கும்போது எல்லாம் கடந்துவிடும். இளம் மனைவியின் சொல் எத்தனை வீடுகளில் இப்படி அமுங்கிப்போயிற்று!

அதே மனைவியின் சொல்லை வேறொரு வேளையில் எவ்வளவு எளிதாக எடுத்துக்கொள்கிறோம் என்பதையும் சொல்லாமல் விட முடியாது. உயிரோடிருப்பவர் தம் சிறுநீரகங்களில் ஒன்றைக் கொடுக்கலாம். மற்றொன்றோடு சுகமாக வாழலாம். இந்தியாவில் அவ்வாறு கொடுப்போரிற் பெரும்பாலோர் பெண்கள். பெறுவோரிற் பெரும்பாலோர் ஆண்கள். தாய் மகனுக்குக் கொடுக்கிறாள். மனைவி கணவனுக்குக் கொடுக்கிறாள். அன்பினால் கொடுக்கும் பெண்களை நான் தலைவணங்குகிறேன். ஆனால் மாமியார் முன்னிலையில், “அவவுக்குச் சம்மதம்தான் டொக்டர்” என்று மற்றவர்கள் சொல்ல, தலை குனிந்து நிற்கும் பெண்ணின் சம்மதத்தை நான் சம்மதமாக எடுத்ததில்லை. தனியே அழைத்துக் கேட்பேன். வேண்டாமென்று அவள் சொன்னால், பொருத்தமில்லை என்று மட்டும் வீட்டாருக்குச் சொல்லி அனுப்புவோம். இது பல நாட்டு வைத்தியர் கைக்கொள்ளும் வழக்கம். பொய் என்று கருதுவோர் கருதட்டும்.

இறந்தவரிடமிருந்து போதிய உறுப்புகள் கிடைத்தால் இந்தச் சங்கடம் பெரிதும் குறையும். அனுராதபுரம், பொலன்னறுவை மாவட்டங்களின் நெல்வயல்களில் 1990கள் முதல், காரணம் இன்னும் தெளிவாகாத சிறுநீரக நோய் பரவியிருக்கிறது. வவுனியாவிலும் நோயாளிகள் உளர். நாற்பது, ஐம்பது வயதிற் குடும்பத்தைத் தாங்கும் கமக்காரரே அதற்கு இரையாகிறார்கள். வாரத்தில் இரண்டு மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நாலு மணி நேரம் யந்திரத்தோடு கட்டுண்டு கிடந்து இரத்தத்தைச் சுத்திகரிக்க வேண்டும். பஸ் ஏறிப் போய் வருவதோடு அந்த நாள் முடிந்தது, வயல் தரிசாகிறது. அந்தக் கமக்காரரின் மனைவியும் ஒரு வாங்கிலேதான் இருக்கிறாள். ஒரு குடும்பத்தின் வாங்கைப் பற்றியே இதுவரை பேசினேன். மற்றக் குடும்பத்தின் வாங்கு கண்ணுக்குத் தெரிவதில்லை. கொடுப்பவர் பெறுபவரைக் காண்பதில்லை. பெரும்பாலும் பெயரும் சொல்லப்படுவதில்லை. ஒருவர் உடல் எட்டுப் பேர் வரையில் வாழ வைக்கலாம் என்பது கணக்கு. கணக்கைக் கேட்டு யாரும் மனம் மாறியதை நான் கண்டதில்லை. “எங்கடை பிள்ளை இதைத்தான் விரும்பியிருப்பான்” என்று வீட்டில் ஒருவர் சொன்னபோது மனம் மாறியதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

இளைஞர்களுக்கு இதில் ஒரு வேலை இருக்கிறது. நம் நாட்டில் 1987ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டம், ஒருவர் தம் உடலையோ உறுப்பையோ இறந்தபின் கொடுப்பதாக எழுதி வைக்க இடமளிக்கிறது. எழுதுங்கள். ஆனால் எழுதிய காகிதத்தை அலுமாரியிற் பூட்டி வைத்தால் பயனில்லை. அம்மாவிடம் சொல்லுங்கள். இங்கிலாந்திலே கண்ட உண்மை இது: இறந்தவரின் விருப்பம் தெரிந்திருந்தால் பத்துக்கு ஒன்பது குடும்பங்கள் சம்மதிக்கின்றன, தெரியாவிட்டால் ஏறத்தாழப் பாதிதான். அங்கேயுள்ள நம்மவரை உள்ளிட்ட ஆசியக் குடும்பங்கள் வெள்ளையரிலும் மிகக் குறைவாகவே சம்மதிக்கின்றன. சிறுநீரகத்துக்குக் காத்திருப்போர் வரிசையிலோ தம் தொகைக்கு மிஞ்சி நிற்கின்றன. 2020 மேயில் அங்கே சட்டத்தை மாற்றி, மறுக்காதோர் எல்லோரும் இசைந்தவரே என்றார்கள். அப்படியிருந்தும் குடும்பத்தைக் கேளாமல் எடுப்பதில்லை.

அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்பீர்கள். “வாயைக் கழுவு” என்றுதான் முதலிற் சொல்வார். பரவாயில்லை. பத்திரிகையில் இத்தகைய செய்தி வரும் நாளிலே, சோறு போடும்போது, “எனக்கு ஒண்டு நடந்தால் நானும் இப்படித்தான்” என்று ஒரு வாக்கியம் சொன்னாற் போதும். அவர் ஏசுவார், ஆனால் மறக்க மாட்டார்.

பேச வருமுன் சபையிலிருந்து சில கேள்விகளை எழுதிக் கொடுத்திருந்தார்கள். இரண்டுக்கு விடை சொல்லி அமர்கிறேன். உறுப்பெடுத்த உடலுக்குக் கிரியைகள் குறைவின்றிச் செய்யலாமா என்பது ஒன்று. சுண்ணமிடித்தல், வாய்க்கரிசி, கொள்ளி, காடாத்து, அந்தியேட்டி யாவும் வழக்கம்போலவே நடைபெறும். நான் கண்ட வீடுகளில் எந்தக் குருக்களும் தடை சொன்னதில்லை. சத்திர சிகிச்சைக்காக உடல் வீடு வரச் சில மணி நேரம் தாமதிக்கும். அதற்கேற்பக் கிரியை நேரத்தை வைத்துக்கொள்ள வேண்டும். மற்றது, முன்வரிசையில் இருக்கும் ஓர் ஆச்சி கேட்டது. “எனக்கு எண்பது வயது, கண்ணிலை வெள்ளை வெட்டினது, கண்ணாடியும் போடுறன். என்ரை கண்ணை ஆர் எடுப்பினம்?” என்று எழுதுவித்திருக்கிறார். ஆச்சி, வெள்ளை வெட்டுவது கண்ணுள்ளே இருக்கும் வில்லையை. நாங்கள் எடுப்பது முன்னே கண்ணாடிபோல் இருக்கும் மெல்லிய படலத்தை. கண்ணாடி போட்டவர், வெள்ளை வெட்டியவர், சலரோகம் உள்ளவர், எல்லோரும் கொடுக்கலாம். உங்கள் கண்ணையும் எடுப்பார்கள். வீட்டிலே மகளிடம் சொல்லி வையுங்கள். காலமான உடனே அவர் அறிவிக்க வேண்டும், ஆறு மணி நேரத்துள்.